விரதம் இருக்கும் ஒயர்

5 மே 2008, திங்கள்

காது கேட்கும் மெஷின் விற்கும் எங்கள் கடையை இரண்டு மணிக்கே மூடிவிட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ராயபுரத்திலிருந்து எம்.கே.பி. நகர் வரை யாரும் மேலே சாய்ந்துவிடக் கூடாதே என்று இரண்டு முழங்கையையும் விரித்தே உட்கார்ந்திருந்ததில், பக்கத்து சீட்டுக்காரி முறைத்துக்கொண்டே வந்தாள். முறைக்கட்டும். டிபன் பாக்ஸ் அளவுள்ள இந்தப் பெட்டி இல்லாவிட்டால் காது மெஷினுக்குள் ஒரு வரிகூட எழுத முடியாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கடை முதலாளி தவசிமுத்து அண்ணாச்சி ஊருக்குப் போகிறார். கோயில் கொடை, அது முடிந்ததும் தங்கை மகள் கல்யாணம். ஜூன் பத்துக்கு மேல்தான் திரும்புவாராம். கடைக் கம்ப்யூட்டர் போன வாரமே படுத்துவிட்டது. "அதையும் வந்துதான் பாக்கணும்" என்கிறார். அதுவரை நான் காலையில் கடையைத் திறந்து காது மெஷினுக்குப் பேட்டரி விற்றால் போதும். அவருக்குப் போதும். எனக்குப் போதாதே. அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகவா என்று.

"கொண்டு போ தாயி, ஒம் பிள்ளைக்குத்தானே. கீழ மட்டும் போட்டுராத, ஈரக்கொல பதறுது."

ஜூன் இரண்டாம் தேதிதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பாப்பாவுக்கு ஐந்து முடிந்துவிட்டது. எழில்மொழி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தபோது அவளுக்குக் காது கேட்காது என்று எங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சுகிர்தம் டீச்சர்தான் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை பார்க்கிறார். "இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தனி ஸ்கூல் இருக்கேம்மா" என்றார் ஏப்ரலில். நான் இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில், "ஸ்கூல் திறக்கிற அன்னிக்குக் கூட்டிட்டு வாங்க. பிள்ளைங்களோட உக்காரட்டும். நான் பின்னாலேர்ந்து பேர் சொல்லிக் கூப்பிடுவேன். திரும்பினா சேர்த்துக்கறேன்" என்றார். அது போதும் என்று வந்துவிட்டேன்.

புது மெஷின் இரண்டு காதுக்கும் வந்தாயிற்று. ஆனால் சத்தத்தை ஒரேயடியாக ஏற்றினால் பிள்ளை பயந்துவிடும். சில நாளுக்கு ஒரு படியாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படியும் கம்ப்யூட்டர் வழியாக, பெட்டி வழியாக, மெஷினுக்குள் எழுத வேண்டும். கடையில் நூறு பேருக்குச் செய்திருக்கிறேன். என் பிள்ளைக்கு இதுதான் முதல்.

பெட்டிக்கு ஒன்பது ஊசி சாக்கெட் வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் அது போன ஐப்பசியில் இடி விழுந்த அன்றே செத்துவிட்டது. அதற்கப்புறம்தான் என் வீட்டுக்காரன் தீனாவுக்கு ஞானம் பிறந்து, பின்கட்டுத் தண்ணீர்க் குழாயிலிருந்து பச்சை ஒயர் இழுத்துக் கம்ப்யூட்டருக்கு எர்த் கொடுத்தான். செத்த சாக்கெட்டுக்குப் பதிலாக பர்மா பஜாரில் ஒரு ஒயர் வாங்கி வைத்திருந்தேன். ஒரு முனை யூ.எஸ்.பி., மறுமுனை ஒன்பது ஊசி. மாட்டினேன். முதல் தடவையிலேயே பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டது. முதல் படி எழுதியாயிற்று. பாப்பா தலையைச் சாய்த்துச் சாய்த்து ஃபேனைப் பார்த்தாள்.

6 மே, செவ்வாய்

இன்று ஒயர் ஏமாற்றிவிட்டது.

பாப்பா மதியம் தூங்கி எழுந்ததும்தான் சொன்னபடி கேட்பாள். நாலு மணிக்கு உட்கார வைத்தேன். இரண்டு காதிலும் மெஷின், மெஷினிலிருந்து பெட்டிக்கு ஒயர், பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர். மாட்டும் முன் கேட்புக் குழாயில் நானே கேட்டுப் பார்த்தேன். டாக்டர் குழல் மாதிரி இருக்கும், ஒரு முனையில் மெஷினைச் செருகி மறுமுனையை நம் காதில் வைத்துக்கொள்வது. சத்தம் சுத்தமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் "இணைப்பு இல்லை" என்று திரையில் வந்தது. பிடுங்கி மாட்டினால் வந்தது, போனது, வந்தது, போனது. பாப்பா வீறிட்டுக் கத்தி மெஷினைப் பிய்த்து எறிந்தாள். தண்ணீர் வரும் நாள் வேறு. அத்தை, தீனாவின் அம்மா, டி.வி.யை அலற விட்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

7 மே, புதன்

இன்று ஒழுங்காக ஓடியது. என்ன கோபமோ நேற்று!

8 மே, வியாழன்

மறுபடியும் போய்விட்டது.

இந்த முறை விடவில்லை. கம்ப்யூட்டருக்குள் பார்த்தால், ஒயர் மாட்டிய போர்ட்டுக்கு நேற்று மூன்றாம் எண் கொடுத்திருந்தது, இன்று ஏழு. காது மெஷினுக்கு எழுதுகிற எங்கள் சாஃப்ட்வேருக்கு நாலுக்கு மேல் எண்ணத் தெரியாது. மூன்றுக்கு மாற்றினேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க யூ.எஸ்.பி.யை அணைக்கலாம் என்று ஒரு இடத்தில் டிக் இருந்தது, அதை எடுத்தேன். முன்பக்க ஓட்டையில் இருந்ததைப் பின்பக்கம் மாட்டினேன். ஒயரின் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டுச் சி.டி.யிலிருந்து புதிதாகப் போட்டேன். எல்லாம் முடித்துப் பார்த்தால் இணைப்பு வந்தது. ஆனால் அதற்குள் ஆறு மணிக்கு மேல் ஆகி, பாப்பா மெஷினைக் கண்டாலே ஓட ஆரம்பித்துவிட்டாள்.

அத்தை மட்டும் சந்தோஷமாக இருக்கிறார். டிரம் நிறையத் தண்ணீராம். இந்தக் கோடையில் எங்கள் தெருவில் டிரம் நிறைவது அதிசயம்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடுகிறார்கள், அதுவும் நூல் மாதிரி. போன வருஷம் நான்தான் வீடு வீடாகப் போய், "மோட்டார் வைத்து உறிஞ்ச மாட்டோம்" என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். தெருக் கடைசியில் இருக்கும் காத்தூன் பீவி வீட்டுக் குழாயில் அப்போது காற்றுதான் வரும். அந்தக் கையெழுத்தின் பலன் இப்போதாவது தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

10 மே, சனி

எழுதவே பிடிக்கவில்லை.

நேற்று நன்றாக ஓடியதை நம்பி, இன்று இரண்டாவது படி ஏற்ற உட்கார்ந்தேன். இடது மெஷினுக்கு எழுதி முடிந்தது. வலது மெஷினுக்குப் பாதி எழுதும்போது இணைப்பு அறுந்தது. பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கடையில் ஒரு முறை பார்த்திருக்கிறேன். மெஷின் ஊமை. பேட்டரி மாற்றினேன், தட்டினேன், கேட்புக் குழாயில் வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை.

அந்த நேரம் பார்த்துப் பாப்பா இடது மெஷினையும் பிடுங்கித் தரையில் அடித்தாள். நான் அவளை அடித்துவிட்டேன். முதுகில். ஓங்கி. இன்னாத்துக்குடி இப்படி உயிர வாங்கற, உனக்காகத்தானேடி நாய் மாதிரி அலையறேன்னு கத்தினேன். அவளுக்கு அது கேட்கவா போகிறது? என் வாயைத்தான் பார்த்தாள். பிறகு எழுந்து பின்கட்டுச் சுவர் ஓரம் போய், கன்னத்தையும் இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். இது ஒரு புதுப் பழக்கம். கோபம் வந்தால் சுவரோடு போய் ஒட்டிக்கொள்கிறாள்.

11 மே, ஞாயிறு

அண்ணாச்சிக்கு போன் போட்டேன். கொட்டுச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திப் பேசினோம்.

"வலதுல கைய வைக்காத தாயி. இன்னொரு மட்டம் பாதியில நின்னுச்சுன்னா உள்ள இருக்கது மொத்தமும் போயிரும். பொறவு பம்பாய்க்குத்தான் அனுப்பணும். ரெண்டு மாசம் ஆயிரும்."

ஆக, இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அந்த ஒயரை முழுசாக நம்ப முடிகிற அன்றுதான் வலது மெஷினைத் தொடலாம்.

தீனாவுக்கு இன்று லீவு. எண்ணூரில் வாரம் முழுக்க வெல்டிங் அடித்துவிட்டுக் கண் சிவந்து படுத்திருந்தவன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இன்று ஒயர் சமர்த்தாக வேலை செய்தது. வலதை மாட்டாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து ஓடல, இன்னிக்கு ஓடுது. முந்தாநாளு ஓடிச்சின்ற. இன்னா மித்ரா, உன் ஒயரு ஒரு நாள் வுட்டு ஒரு நாள் விரதம் கீதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "போய்ப் படு" என்றேன்.

13 மே, செவ்வாய்

வேறு கடையில் வேறு ஒயர் வாங்கினேன். இது கறுப்பு, முன்னது நீலம். கடைக்காரர், "ஒரிஜினல்னு சொல்ல மாட்டேம்மா, ஆனா ஓடும்" என்றார். அந்த நேர்மைக்காகவே வாங்கினேன். சாயங்காலம் முழுக்க ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. அப்பாடா! குற்றவாளி நீல ஒயர்தான். நாளைக்கும் சோதித்துவிட்டு வலது காதை எடுக்கலாம்.

14 மே, புதன்

கறுப்பும் போச்சு. அதே மாதிரி. அதே நேரம்.

நல்லவேளை, வலதைத் தொடவில்லை.

15 மே, வியாழன்

கடைக்கு ஒரு முறை வந்த கம்பெனி இன்ஜினியர் ஒரு வித்தை காட்டினார். ஒன்பது ஊசியில் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரு கொண்டை ஊசியால் சேர்த்துவிட வேண்டும். கம்ப்யூட்டரில் நாம் அடிக்கிற எழுத்து ஒயர் வழியாகப் போய், ஊசியில் திரும்பி, நம்மிடமே வரும். வந்தால் ஒயர் நல்ல ஒயர். பெட்டி வேண்டாம், மெஷின் வேண்டாம், பிள்ளையையும் படுத்த வேண்டாம்.

ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புகிற மாதிரி வைத்துவிட்டு, பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை. அப்படியானால் இந்த ஒயரில் என்னதான் கோளாறு? இல்லை, கோளாறு என்னிடமா? நான் தொட்டாலே கெட்டுப்போகிறதா? பைத்தியம் மாதிரி யோசிக்கிறேன். ஜூன் நெருங்குகிறது. பாப்பா இடது மெஷினைக்கூட மாட்ட விடமாட்டேன் என்கிறாள். கையில் எடுத்தாலே காதைப் பொத்திக்கொள்கிறாள்.

16 மே, வெள்ளி

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மூன்றரை மணியிலிருந்து கொண்டை ஊசிச் சோதனையை ஓட விட்டிருந்தேன். திரை முழுக்க 'அ' 'அ' என்று வரிசை வரிசையாக ஓடியது. பாப்பா தரையில் உட்கார்ந்து மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அத்தை எழுந்து டி.வி. சத்தத்தைக் கூட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து, 'அ' நடுவில் ஒரு கோணல் எழுத்து. பிறகு ஒரு கட்டம். பிறகு வரிசையாகக் குப்பை. பிறகு ஒன்றுமே இல்லை.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரம் பாப்பா மூடிகளை விட்டுவிட்டு எழுந்தாள். நேராகப் பின்கட்டுச் சுவருக்குப் போனாள். கன்னத்தை ஒட்டினாள். உள்ளங்கையை வைத்தாள். இன்று அவளுக்கு யார் மேலும் கோபம் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

நானும் போய் அவள் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது.

டி.வி.யை அணைத்தேன். அப்போதுதான் எனக்கும் கேட்டது, ங்ங் என்று, சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே மங்கம்மா வீடு. கேட்காமல் கொள்ளாமல் அவர்கள் பின்கட்டுக்குள் நுழைந்தேன். கவிழ்த்த அரிசி டிரம், மேலே ஈரச் சாக்கு. தூக்கினால் மோட்டார். அதிலிருந்து இரண்டு பச்சைக் குழாய். ஒன்று மங்கம்மா டிரம்முக்கு, இன்னொன்று சுவர் ஓட்டை வழியாக எங்கள் டிரம்முக்கு.

மங்கம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் வாய் வெளுக்கவில்லை. "இன்னாமே மொறைக்கிற? நான் மட்டுமா வாங்கினேன்? உன் மாமியாரும் கூட்டு. உன்கிட்ட சொன்னா ஆடுவேன்னுதான் என் வூட்ல வச்சிக்கினு கீது."

எங்கள் பின்கட்டில் அத்தை குழாயடியில் குடத்தைப் பிடித்தபடியே நின்றார். நான் திரும்பி வீட்டுக்குள் வந்துவிட்டேன். டெஸ்டரை எடுத்துத் தீனா இழுத்த பச்சை ஒயரில் வைத்தேன். பல்ப் எரிந்தது. எர்த் ஒயரில்! மங்கம்மா வீட்டில் மோட்டாரை நிறுத்தினார்கள். பல்ப் அணைந்தது.

மோட்டார் மின்சாரத்தைக் கசிகிறது. அது குழாயில் ஏறுகிறது. குழாயிலிருந்து எங்கள் எர்த் ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வருகிறது. கம்ப்யூட்டரிலிருந்து பெட்டி. பெட்டியிலிருந்து—

அந்த ஒயரின் கடைசி முனை என் பிள்ளையின் காதில் இருந்தது.

17 மே, சனி

காலையில் அத்தை காபியை என் பக்கம் வைத்துவிட்டுப் போனார். குடித்தேன். கோபத்தில் காபியை விடும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை.

18 மே, ஞாயிறு

தண்ணீர் நாள். தீனா வீட்டில் இருந்தான். "மோட்டாரை இன்றைக்கு ஒரு தடவை போடச் சொல்" என்றேன். "பைத்தியமா உனக்கு?" என்றான். பச்சை ஒயரை அப்படியே விட்டு, பெட்டியோடு இடது மெஷினை மாட்டி, பாப்பா காதுக்குப் பதிலாகக் கேட்புக் குழாயில் செருகி என் காதில் வைத்துக்கொண்டேன். தீனா ரப்பர் செருப்போடு, பிளக் பாயிண்டில் கை வைத்து, பிடுங்கத் தயாராக நின்றான். மங்கம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "போடட்டா?" என்று கத்தினாள்.

போட்டாள்.

ஊசியை அடித்து இறக்கின மாதிரி ஒரு இரைச்சல். மண்டைக்குள் கர்ர்ர் என்று. குழாயைப் பிடுங்கி எறிந்தேன். பாப்பா எறிந்த மாதிரியே எறிந்தேன். ஒரு நொடிகூட என்னால் தாங்க முடியவில்லை. அவள் எத்தனை நாள் தாங்கினாள்? சொல்லத் தெரியாது, வார்த்தை கிடையாது, மெஷினைப் பிய்த்து எறிய மட்டும்தான் தெரியும். அதற்கு நான் முதுகில் போட்டேன். அய்யோ, என் கையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

தீனா டெஸ்டரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். குழாயிலேயே வைத்துப் பார்த்தான். அங்கேயும் எரிந்தது. தினமும் அத்தை வெறுங்காலோடு ஈரத்தில் நின்று பிடிக்கிற குழாய்.

"எம்மா, இத்தினி நாளா உனுக்கு ஷாக் அடிக்கலயா?"

அத்தை கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "சுருக்கு சுருக்குன்னு இருக்கும்டா நைனா. முட்டி வலிக்கு நல்லதுன்னு வுட்டுட்டேன். அதுலேர்ந்து வலி கூட கம்மியாத்தான் கீது."

தீனா தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டான். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். அத்தை நான் சிரிப்பதை மட்டும் பார்த்துக் கோபமாக, "சிரிக்கிறியா? உன் கையெழுத்து நோட்டிச வச்சா குளிக்க முடியும்? நாலு குடம் தண்ணில ரெண்டு நாளு ஓட்டினது நானு. வேலைக்குப் போய் வந்து நீ சுத்தமா குளிக்கிறியே, எங்கேர்ந்து வந்துச்சி அந்தத் தண்ணி?" என்றார்.

டிரம் நிறைந்திருப்பதைப் பார்த்து என் கையெழுத்தின் பலன் என்று நினைத்தவள் நான்தானே.

பிறகு அத்தையே பாப்பா பக்கம் திரும்பினார். "கொயந்தைக்கு நோவும்னு எனுக்குத் தெரியாதுமே. சத்தியமா தெரியாது." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் காத்தூன் பீவியைப் போய்ப் பார்த்தேன். அவர் வீட்டுக் குழாயும் கிள்ளுகிறதாம். "தண்ணியே வர்றதில்ல, கரண்ட்டாவது வருதேன்னு நெனச்சேன் போ" என்றார். கேலியாகத்தான் சொன்னார். அந்த மோட்டார் கரண்ட் குழாய் வழியாகத் தெருக் கடைசி வரை ஓடியிருக்கிறது.

19 மே, திங்கள்

மோட்டார் போய்விட்டது. தீனா தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காயலான் கடையில் போட்டான். மங்கம்மா வாசலில் நின்று எங்கள் பரம்பரையையே வாழ்த்தினாள். போகட்டும்.

பச்சை ஒயரையும் வெட்டியாயிற்று. "எண்ணூர் சைட்டுல எர்த்துக்குக் குழி தோண்டி, கம்பி நட்டு, கரியும் உப்பும் போடற ஆளு நீ. வூட்டுக்கு மட்டும் குழாயா?" என்று கேட்டேன். "அல்லா வூட்லயும் அப்டித்தான் குடுக்கறாங்க" என்று முனகிக்கொண்டே பின்கட்டு மூலையில் குழி தோண்டினான். அத்தை கரி கொண்டுவந்து கொடுத்தார்.

20 மே, செவ்வாய்

புத்த பூர்ணிமா. தண்ணீர் நாளும்கூட. வேண்டுமென்றேதான் வலது மெஷினை இன்றைக்கு வைத்துக்கொண்டேன். ஓடினால் இன்றைக்கு ஓடட்டும்.

காலையில் விகாரைக்குப் போய் வந்தோம். கண்ணை மூடினால் மனசுக்குள் ஒயர்தான் ஓடியது.

மதியம் முழுக்கக் கொண்டை ஊசிச் சோதனை. தண்ணீர் வந்தது. அத்தை தண்ணீர் பிடித்தார். நின்றது. 'அ' ஒன்றுகூடக் கோணவில்லை. பழைய நீல ஒயரையும் மாட்டிப் பார்த்தேன். பாவம், அதுவும் நல்ல ஒயர்தான். அதை எத்தனை திட்டு திட்டியிருப்பேன்!

பிறகு வலது மெஷினை மாட்டினேன். அத்தை டி.வி.யை அணைத்துவிட்டு வந்து பின்னால் நின்றார். யாரும் எதையும் தொடக் கூடாது என்று ஃபிரிட்ஜைக்கூடத் தீனா அணைத்திருந்தான். எழுது என்று அழுத்தினேன். நீலக் கட்டம் ஒவ்வொன்றாக நகர்ந்தது. பாதியைத் தாண்டும்போது மூச்சை இழுத்தேன், விடவில்லை. கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் நின்றது. நின்றே இருந்தது. செத்தேன் என்று நினைத்தேன்.

முடிந்தது.

கேட்புக் குழாயில் வைத்து "பாப்பா" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது.

24 மே, சனி

மெஷின் இரண்டும் தயார். போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை. கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். வாழைப்பழம், மிட்டாய், பொம்மை, கெஞ்சல் எதுவும் பலிக்கவில்லை. கட்டாயப்படுத்த எனக்குக் கை வரவில்லை.

27 மே, செவ்வாய்

இன்று அத்தை ஒன்று செய்தார். கேட்புக் குழாயைத் தன் காதில் மாட்டி, மெஷினைச் செருகி, பாப்பா முன்னால் உட்கார்ந்துகொண்டார். வெற்றிலை இடிக்கும் உரலை எடுத்து டங் டங் என்று இடித்தார். ஒவ்வொரு இடிக்கும் கண்ணைப் பெரிதாக்கி, "ஆகா" என்று தலையை ஆட்டினார். பாப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தவழ்ந்து வந்து அத்தை முகத்தைத் தடவிப் பார்த்தாள். வலிக்கவில்லையா என்று பார்த்தாளோ என்னவோ. கடைசியில் தன் காதைக் காட்டினாள்.

நான் ஓடி வரவில்லை. அத்தையையே மாட்ட விட்டேன். தப்பும் தவறுமாக மாட்டினார். சரி செய்யாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பாப்பா உரலைப் பிடுங்கி இடித்தாள், இடித்தாள், இடித்துக்கொண்டே இருந்தாள். மங்கம்மா சுவரைத் தட்டிக் கத்தினாள். கத்தட்டும்.

1 ஜூன், ஞாயிறு

நாலாவது படிக்கு நேரமில்லை. மூன்றோடு போகிறோம். நாளைக்கு.

2 ஜூன், திங்கள்

இன்று எழுதாமல் இருக்க முடியாது.

வகுப்பில் முப்பது பிள்ளைகள், பாதி அழுகை. மேலே ஃபேன் கடகடவென்று ஓடியது. பாப்பாவை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார்கள். நானும் தீனாவும் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். சுகிர்தம் டீச்சர் பின்னால் போய் நின்று, "எழில்மொழி" என்றார்.

திரும்பவில்லை.

இன்னும் சத்தமாக, "எழில்மொழி!" முன் வரிசைப் பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பா ஸ்லேட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறையும் கூப்பிட்டார். டீச்சர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பாவம்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. தீனா என் கையை இறுக்கிப் பிடித்தான்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. என்ன முட்டாள் நான்! இவளை யார் எழில்மொழி என்று கூப்பிட்டோம்? கேட்காத பிள்ளையை எப்படிக் கூப்பிட்டால் என்ன என்று பாப்பா, பாப்பா என்றே விட்டுவிட்டோம். ஊசியில் 'அ' அனுப்பிச் சோதித்தவள், அவள் பெயரை ஒரு தடவைகூட அவளுக்கு அனுப்பவில்லையே.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், பாப்பான்னு கூப்பிடுங்க! பாப்பான்னு!" என்றேன்.

டீச்சர் தயங்கினார். முன்னைவிட மெதுவாகத்தான் சொன்னார். "பாப்பா."

ஐந்து பிள்ளைகள் திரும்பினார்கள். முதலில் திரும்பியது என் பிள்ளை.

டீச்சர் சிரித்துவிட்டார். வெளியே வந்து, "சேர்த்துக்கறேன். ஆனா என் கிளாஸ்ல ஏற்கெனவே நாலு பாப்பா இருக்கு. வீட்ல முதல்ல அவ பேரைச் சொல்லிக் குடுங்க" என்றார். தீனா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான்.

7 ஜூன், சனி

வீட்டில் பாப்பா என்ற சொல்லுக்குத் தடை. அத்தைக்குத்தான் நாக்கு புரளவில்லை. "எயிலு" என்கிறார். எயிலு திரும்புகிறாள்.

11 ஜூன், புதன்

அண்ணாச்சி வந்துவிட்டார். காலையில் பெட்டியைத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீழ போடலயே?" என்றார். இல்லை என்றேன்.

இன்று தண்ணீர் நாள். மோட்டார் போன பிறகு எங்கள் குழாயில் நூல் மாதிரிதான் வருகிறது. அதுவும் கொஞ்ச நேரம்தான். காற்று சீற ஆரம்பித்ததுமே குடத்தை வைத்தால்தான் நாலு குடமாவது கிடைக்கும். டி.வி. நாடகத்தில் போன தடவை அத்தை கோட்டை விட்டுவிட்டார். அன்று காத்தூன் பீவி வீட்டிலிருந்து ஒரு குடம் வாங்கி வந்தோம். அங்கே இப்போது தண்ணீர் போகிறது.

நான் இதை எழுதிக்கொண்டிருந்தேன். அத்தை டி.வி. முன்னால். எழில் தரையில் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், கையை அப்படியே நிறுத்தினாள். தலையைச் சாய்த்தாள். சுவர்ப் பக்கம் போகவில்லை. அத்தையின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆயா. தண்ணி."

"அதுக்குள்ள எங்கடி தண்ணி, மணி இன்னும் ஆவல" என்றார் அத்தை, டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல். எழில் விடவில்லை. "தண்ணி. தண்ணி."

பேனாவை வைத்துவிட்டு நான் போய்ப் பார்த்தேன். குழாய் மெதுவாகச் சீறிக்கொண்டிருந்தது. தண்ணீர் இன்னும் வரவில்லை.